குழாயடியில் ஒரு நீலப்பூ

குன்னூர்
2.7.1995

அண்ணா,

நீ இதைப் பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிடுவாயோ என்ற பயத்தில், உறையின் பின்பக்கம் ‘செடி சம்பந்தமாக’ என்று எழுதியிருக்கிறேன். இருபத்தெட்டு வருஷமாக நந்தனம் ஆபீஸில் வரைபடம் போடுகிறவன் நீ. பொருள் என்று ஒன்று எழுதியிருந்தால் படிக்காமல் விடமாட்டாய்.

எனக்குக் கல்யாணம் ஆகி இன்றோடு இருபத்திரண்டு நாள். பதிவு அலுவலகத்தில் பெண் பக்கத்துச் சாட்சியாக ஷாகிரா டீச்சர் கையெழுத்துப் போட்டாள். பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள். உன் அண்ணா நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேனே என்று சொல்லி அவள் அழுதாள். இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டத்தான்.

“நாப்பத்து நாலு வயசுல என்னடி கல்யாணம், அதுவும் வேத்து ஜாதில, ரெண்டாந்தாரமா” என்று நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன். மறுபடி எழுதப்போவதில்லை.

செடிக்கு வருகிறேன். பெசன்ட் நகர் வீட்டுக் கொல்லையில், குழாயடியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், மூன்று வருஷமாக நான் வளர்க்கிற ஸ்பைடர்வோர்ட் இருக்கிறது. பூக்காதபோது பார்த்தால் வெறும் புல் என்று தோன்றும். புல் இல்லை. காலையில் மூன்று இதழோடு நீலமாகப் பூக்கும். நீ ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் சுருண்டு, மத்தியானம் மை கரைந்தது மாதிரி ஆகிவிடும். மறுநாள் வேறு மொட்டு திறக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் இலையெல்லாம் காய்ந்து செத்துப்போன மாதிரி கிடக்கும். அப்போது பிடுங்கிவிடாதே. அடியில் கிழங்கு மாதிரி தடித்த வேர் இருக்கிறது, மழை விழுந்ததும் தானே வரும்.

ஏன் கையோடு எடுத்துப் போகவில்லை என்று கேட்பாய். எடுத்துப் போனால் இனி நான் அந்த வீட்டுக்கு வரவே மாட்டேன் என்று நீ முடிவு கட்டியிருப்பாய். அதனால்தான் விட்டுவிட்டு வந்தேன்.

என்மேல் இருக்கிற கோபத்தை என்னிடமே வைத்துக்கொள். செடிக்குத் தண்ணீர் ஊற்று.

ஜானு


சென்னை-90
20.7.1995

ஜானு,

ஆசீர்வாதம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. பேனாவை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்தேன். வரவில்லை. ஆகையால் நேராக விஷயம்.

செடி இருக்கிறது. தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறேன். நேற்று நாலு பூ பூத்தது. பெருமாளுக்குச் சாத்தலாம் என்று பறித்தேன். பூஜை அலமாரிக்குப் போவதற்குள் விரலில் ஒட்டிக்கொண்டு கூழாகிவிட்டது. வாசனையும் இல்லை, தொடுக்கவும் முடியாது, சாமிக்கும் ஆகாது. இப்படி ஒரு பூவை எதற்காக வளர்க்கிறாய் என்று புரியவில்லை. ஊற்றச் சொன்னாய், ஊற்றுகிறேன்.

காபி ஃபில்டரின் மேல்மூடியை எங்கே வைத்தாய்? நாற்பது நாளாகக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துச் சமாளிக்கிறேன். மத்தியானம் ஆபீஸ் கான்டீன். ராத்திரிக்குத் தயிர் சாதம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஸ்ரீவத்சன்


குன்னூர்
6.8.1995

அண்ணா,

மூடி, அரிசி டின்னுக்குப் பின்னால் ஊறுகாய் ஜாடியின் தலைமேல் இருக்கிறது. ஜாடிக்கு மூடி உடைந்துபோனதால் அதைப் போட்டு வைத்தேன். இருபது வருஷமாக ஒரே சமையலறை, உனக்கு ஒரு சாமானும் இருக்கும் இடம் தெரியாது. தப்பு என்மேல்தான். எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து கொடுத்தே உன்னைக் கெடுத்துவிட்டேன்.

சாமிக்கு ஆகாத பூ என்று எழுதியிருந்தாய். அதுதான் எனக்குப் பிடித்தது, அண்ணா. யாருக்கும் பறித்துக் கொடுக்க முடியாது. பார்க்க வேண்டுமென்றால் செடிக்கிட்டே நாமே எழுந்து போக வேண்டும். அம்மா இருக்கும்போது அம்மாவுக்கும், அப்புறம் உனக்கும், பள்ளிக்கூடத்துக்குமாக ஓடினேன். கடைசி மூன்று வருஷம்தான் காலையில் அந்தப் பத்து நிமிஷம் எனக்காக இருந்தது.

இங்கே விடாத மழை. துணி காயவே இல்லை. அரிசி வேக இரண்டு விசில் கூட வைக்க வேண்டியிருக்கிறது. அவர் ஒவ்வொரு நாளும் தோட்டக்கலை ஆபீஸிலிருந்து சேறும் சகதியுமாக வருகிறார். வந்ததும் “உங்க அண்ணன் கடுதாசி வந்துதா?” என்றுதான் கேட்கிறார். வந்தது என்று சொன்னேன். என்ன எழுதியிருந்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஃபில்டர் மூடி என்று சொல்லியிருப்பேன்.

தயிர் சாதத்திலேயே காலம் தள்ளாதே. வீட்டு வேலைக்கு யாரையாவது வை.

ஜானு


சென்னை-90
24.9.1995

ஜானு,

மூடி கிடைத்தது. வீட்டு வேலைக்கு ஆள் வைத்துவிட்டேன். பெயர் தேவானை. ஊரூர் குப்பத்திலிருந்து வருகிறாள். பிறந்த ஊர் செய்யாறு பக்கம், குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பாத்திரம், துணி, பெருக்குவது எல்லாம் அவள்தான். சமையலறைக்குள் வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். “உன் அடுப்பு எனக்கு எதுக்கு சார்” என்றாள்.

இரண்டு வாரமாக நல்ல மழை. செடி மூன்று பக்கமும் பரவிவிட்டது. ஆபீஸ் கிராஃப் தாள் ஒன்றில் தேதிவாரியாகப் பூக்களைக் குறித்து வருகிறேன். பதினாலாம் தேதி பதினேழு பூ. அதுதான் இதுவரை அதிகம். எட்டே முக்கால் வரை நன்றாக இருக்கிறது, பத்துக்கு மூட ஆரம்பிக்கிறது, மப்பு போட்டிருந்தால் மத்தியானம் வரை தாங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்தது. தண்டு ஒன்று ஒடிந்தது. இரண்டு துண்டையும் மெள்ள விலக்கினால் நடுவில் நூல் நூலாகப் பிசின் வருகிறது, சிலந்தி விட்ட இழை மாதிரி. இதற்காகத்தான் அந்தப் பெயரா?

இலையில் ஓட்டை விழுகிறது. நத்தை என்று நினைக்கிறேன். என்ன செய்வதென்று அந்த மனிதரிடம் கேட்டு எழுது. அவர் வேலை அதுதானே.

ஆசீர்வாதம்.

ஸ்ரீவத்சன்


சென்னை-90
15.12.1995

ஜானு,

நத்தைக்கு உப்பு வேண்டாம், கையால் பொறுக்கிப் போட்டால் போதும் என்று நீ எழுதிய கடிதமும், தீபாவளிக் கடிதமும், அப்புறம் வந்த இரண்டும் கிடைத்தன. நடுவில் பத்து நாள் காய்ச்சல். இப்போது குணம். கவலைப்பட ஒன்றுமில்லை.

செடி மிகவும் நன்றாக இருக்கிறது. தினமும் பத்துப் பூ.

ஸ்ரீவத்சன்


குன்னூர்
28.12.1995

அண்ணா,

காய்ச்சல் என்று இரண்டு வரியில் எழுதி முடித்துவிட்டாய். யார் கஞ்சி வைத்தார்கள், யார் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள் என்று ஒன்றுமே இல்லை. ஒரு தந்தி அடித்திருந்தால் ஓடி வந்திருப்பேன். அது தெரிந்துதான் அடிக்கவில்லையா?

டிசம்பர் மாசத்தில் தினமும் பத்துப் பூவா என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். “உங்க அண்ணன் கையி நல்ல கையி” என்றார்.

இனிமேல் உன்னிடம் ஒளிக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. அந்தச் செடியைப் பள்ளிக்கூடக் கண்காட்சியில் கொடுத்தார்கள் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். சென்னையில் வேலையாக இருந்தபோது பள்ளித் தோட்டம் போட வந்த அவர்தான் கொடுத்தார். தன் வீட்டில் வைத்திருந்த ஒரே தூரை முழுசாகத் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். பாதி போதுமே என்றேன். “பாதியைப் பார்த்துக்கிட்டு நான் என்ன செய்ய, டீச்சர்” என்றார். மனைவி போனபின் அவர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. எனக்கு அவர் கொடுத்த முதல் சாமான் அதுதான். அதற்கப்புறம் இரண்டு வருஷம் எதுவும் கொடுக்கவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை.

இங்கே வெள்ளைப்பூ ஜாதி மட்டும்தான் இருக்கிறது. மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நட்டால்தான் நடுப்பகுதி பட்டுப்போகாமல் இருக்குமாம். பொங்கல் லீவில் ஷாகிரா இங்கே வருகிறாள். பாதியைப் பிரித்து அவளிடம் கொடுத்தனுப்பு. அவர் பார்க்க வேண்டும்.

ஜானு


சென்னை-90
8.1.1996

ஜானு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள். ஆபீஸில் ஒரு கோடு நேராகப் போட முடியவில்லை. ஷாகிரா டீச்சர் நேற்று வந்தாள். வீட்டில் இருந்துகொண்டே கதவைத் திறக்கவில்லை. பாவம், இரண்டு தடவை மணி அடித்துவிட்டுப் போனாள். ஐம்பத்தோரு வயசில் இதுவும் செய்தாயிற்று.

செடி இல்லை. நான் சாப்பிட்டுவிட்டேன்.

புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்காதே. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நவம்பரில் காய்ச்சல் வந்து நாலாம் நாள் எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. தேவானை வாசலில் நின்று பார்த்துவிட்டு, “இன்னா சார் இப்டிக் கெடக்குற, வாய்க்கு எதுனா துன்னியா?” என்றாள். கேட்காமலே சமையலறைக்குள் போய்விட்டாள். அரை மணியில் குழைந்த சாதமும் பாசிப்பருப்புப் போட்ட கூட்டும் வந்தது. மிளகு, சீரகம், கொஞ்சம் தேங்காய். வழவழவென்று தொண்டையில் இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், ஜூன் மாசத்துக்கப்புறம் நான் ருசித்துச் சாப்பிட்டது அன்றுதான். மறுநாளும் அதையே கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். என்ன கீரை, பசலையா என்று கூடக் கேட்டேன். “கானாவாழ சார். ஜொரத்துக்கு நல்லது. உன் தோட்டத்துலயே வளந்து கீது, நீ இன்னாடான்னா பில்லுக்குத் தண்ணி ஊத்துறாப்புல ஊத்திக்கினு கீற” என்றாள்.

ஏழாம் நாள் கிராஃப் தாளும் பென்சிலுமாகக் கொல்லைக்குப் போனபோதுதான் விளங்கியது. குழாயடி மொட்டையாகக் கிடந்தது. அவள்மேல் தப்பில்லை. கானாவாழைக்கும் இதே மாதிரி நீலப்பூ, இதே மாதிரி தண்டு. செய்யாறில் கன்றுக்கும் போடுவார்களாம், தாங்களும் சமைப்பார்களாம். இது அம்மாவின் செடி என்று யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்றாள். உன்னை அம்மா என்றுதான் சொல்கிறாள், பார்த்ததே இல்லை. விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான்தான் சமாதானம் செய்தேன்.

தினமும் பத்துப் பூ என்று எழுதியது வெட்கத்தினால். அது அவர் கொடுத்தது என்று தெரிந்தபின் பொய்யைத் தொடர முடியவில்லை.

ஸ்ரீவத்சன்


குன்னூர்
18.1.1996

அண்ணா,

கடிதத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ‘நான் சாப்பிட்டுவிட்டேன்’ என்ற இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. அழுகிறேன் என்று நினைத்து அவர் பதறிப் பக்கத்தில் வந்தார். பார்த்தால் சிரிப்பு. அப்புறம் அவரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “மேலதானே அறுத்திருக்கா. தூரு மண்ணுக்குள்ள கெடக்கும்லா. கொத்தாம தண்ணி மட்டும் விடச் சொல்லு. அது அவ்வளவு லேசுல சாவாது” என்றார். அதனால் தண்ணீரை நிறுத்தாதே.

சிரித்து முடித்த பிறகுதான் கோபம் வந்தது. சொல்லிவிடுகிறேன்.

தேவானை உன் சமையலறையில், உன் பாத்திரத்தில், தன் கையால் சமைத்ததை மூன்று நாள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். நல்லது. அவளுக்கு என் நமஸ்காரத்தைச் சொல். என் அண்ணாவைப் பிழைக்க வைத்தவள் அவள். ஆனால் எட்டு மாசத்துக்கு முன் அவர் நம் வீட்டுக்கு வந்து, கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நீ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவில்லை. நான் கொடுத்த காபியை, ஆறிப்போகும் வரை உனக்காகக் காத்திருந்துதான் குடித்தார். அன்று உன் ஆசாரம் அத்தனை பெரிதாக இருந்தது. இரண்டு கரண்டிக் கூட்டில் அது எங்கே போயிற்று?

கேலிக்குக் கேட்கவில்லை, அண்ணா. ஜாதி என்று நீ சொன்னதை நான் நம்பினேன். நம்பித்தான் அழுதேன். இப்போது நம்பிக்கை வரவில்லை. நீ ஏன் வரவில்லை? உண்மையைச் சொல்.

ஜானு


சென்னை-90
11.2.1996

ஜானுவுக்கு,

உன் கணவர் சொன்னது சரி. போன வாரம் ஐந்து முளை வந்திருக்கிறது. தேவானை அதைச் சுற்றி நாலு செங்கல் வைத்து, அவள் ஆட்டைக்கூட அந்தப் பக்கம் விடுவதில்லை.

உண்மையைக் கேட்டாய். ஜாதி கொஞ்சமும் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும், கொஞ்சம் இருந்தது. ஆனால் காரணம் அது இல்லை. அதைச் சொல்வது சுலபமாக இருந்தது. சொன்னால் சொந்தக்காரர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

1981 ஆவணியில் உனக்குத் திருச்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. பாங்க் உத்தியோகம். உன் போட்டோவைப் பார்த்து அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஜாதகம் பொருந்தவில்லை என்று உன்னிடம் சொன்னேன். பொருந்தியது. பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று ஜோசியர் எழுதிக் கொடுத்தார். பெண்ணுக்கு இப்போது கல்யாணத்தில் இஷ்டமில்லை என்று அவர்களுக்கு நான்தான் கார்டு எழுதிப் போட்டேன்.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே நம் வீட்டு ஜன்னலில் விளக்கு தெரியும். நீ உள்ளே நோட்டு திருத்திக்கொண்டிருப்பாய். அது இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வருஷமும் அதே பயம். அப்புறம் யாரும் வரவில்லை, நானும் தேடவில்லை. நீ ஒரு நாளும் கேட்கவில்லை.

அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்து, உன்னைக் கேட்டு வந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால், நான் துரத்திய மனிதர் ஞாபகம் வரும். அதனால்தான் வரவில்லை. பதிவு அலுவலகத்துக்கு வராததும் அதனால்தான்.

இதைப் படித்த பிறகு நீ எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

அண்ணா


குன்னூர்
10.3.1996

அண்ணா,

நாலு வாரமாக எழுதவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டவில்லை.

அந்தத் திருச்சிக்காரர் நல்லவரோ கெட்டவரோ, தெரியாது. அவருக்காக நான் அழவில்லை. முப்பது வயசில் போயிருந்தால் எனக்கு ஒரு குழந்தை இருந்திருக்கலாம். அதற்காக அழுதேன். இதை எழுத வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். எழுதாவிட்டால் நானும் உன்னை மாதிரி உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்கிறவளாகிவிடுவேன்.

நான் மட்டும் ஏன் கேட்கவில்லை என்றும் யோசித்தேன். எனக்கும் அந்த விளக்கும் நோட்டும் நீயும் போதுமென்று பல நாள் இருந்தது, அண்ணா. எல்லா நாளும் இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் எழுத வரவில்லை. நீ இங்கே வா. கடிதத்தில் உன்னோடு ஒழுங்காகச் சண்டை போட முடியவில்லை. நீ எதிரில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும், நான் கத்த வேண்டும். கத்தி முடித்ததும் காபி தருகிறேன்.

வருவாயா, மாட்டாயா?

ஜானு


சென்னை-90
21.3.1996

சௌபாக்கியவதி ஜானுவுக்கு அண்ணாவின் ஆசீர்வாதம்.

வருகிறேன். ஏப்ரல் ஐந்தாம் தேதி நீலகிரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டேன். பத்து நாள் லீவு. ஆறாம் தேதி காலையில் மேட்டுப்பாளையம் வந்து, அங்கிருந்து மலை ரயில். நீ எத்தனை நாள் கத்த வேண்டுமானாலும் கத்தலாம், கண்ணாடி துடைக்கத் துணி எடுத்து வருகிறேன். வீட்டைத் தேவானை பார்த்துக்கொள்கிறாள்.

ஒரு விஷயம் கேட்கிறேன், மறுக்காதே. மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம். அவர் மட்டும் வரட்டும். அவருக்கு என் முகம் தெரியாது என்று கவலைப்படாதே. அன்றைக்கு அவர் தெருவில் இறங்கிப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நான் அடையாளம் கண்டுகொள்வேன். அங்கிருந்து குன்னூருக்கு மூன்றரை மணி நேரம். அத்தனை நேரம் அவரோடு என்ன பேசுவது என்று ஒரு கிராஃப் தாளில் குறித்துப் பார்த்தேன், இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. ஆனாலும் தனியாகத்தான் வர வேண்டும்.

கல்யாணத்தன்று பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்கிறவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இவளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அதைச் சொல்ல அன்று ஆளில்லை. இனிமேல் சொன்னால் அவர் சிரிப்பாரோ என்னவோ. சிரித்தாலும் சொல்லிவிடுகிறேன். நீ பக்கத்தில் இருந்தால் எனக்கு வாய் வராது.

மாப்பிள்ளையை அனுப்பு.

அண்ணா